உரோமர் நாணயமும் நம் நாணயமும்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. கையில் புழங்கும் காசு ஒன்று. சொல்லிலும் செயலிலும் நிற்கும் நேர்மை மற்றொன்று. பழங்காசுகளைத் தேடித் தொகுக்கும் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர்க்கு முதற்பொருள் கையில் இருந்தால் போதாது. இரண்டாம் பொருள் நெஞ்சில் இருத்தல் வேண்டும். இதனை நாம் ஒரு பிழை செய்த பின்னரே உணர்ந்தோம். அப்பிழையையும் அதன்வழிக் கற்றவற்றையும் மாணவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பில் அகநானூற்றின் 149ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தோம். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அப்பாடலில், யவனரின் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து முசிறியில் மிளகை ஏற்றிச் சென்ற செய்தி உள்ளது. “அந்தப் பொன்னை இன்று பார்க்க முடியுமா?” என்று மாணவர் ஒருவர் வினவினார். அருங்காட்சியகத்தில் காணலாம் என்று விடையளித்தோம். மறுநாள் அதே மாணவர் ஒரு பழைய சுண்ணாம்பு டப்பியுடன் வந்தார். அதனுள் விரல் நகத்தினும் சிறிய மூன்று செப்புக்காசுகள் இருந்தன. அவருடைய பாட்டனார் இளமையில் மதுரையில் பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்களை வாங்கி விற்றவர். வைகை மணலை அரித்துப் பிழைத்தவர்கள் எடைக்குப் போட்ட செப்புத் துண்டுகளிலிருந்து அவர் பொறுக்கி வைத்தவை அவை.

செப்புக் குடத்தைப் புளியிட்டு விளக்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஒரு காசைப் புளியிலும் உப்பிலும் தோய்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தோம். காசு புதுச்செம்பாய் ஒளிர்ந்தது. ஆனால் முதல்நாள் மங்கலாகத் தெரிந்த தலையுருவும் அதனைச் சூழ்ந்திருந்த எழுத்துகளும் மறைந்துவிட்டன. அடுத்த வாரம் அக்காசைப் பார்த்த பாட்டனார் சினங்கொள்ளவில்லை. “பளபளவென்று இருக்கிறது. இதில் எழுத்து இருந்ததே, அது எங்கே?” என்று மட்டும் கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடியே நாணயவியல் நூல்களின் பக்கம் சென்றோம்.

கடல்கடந்து வந்த காசுகள்

கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் எகிப்து நாடு உரோமப் பேரரசின் கீழ் வந்தது. அதன்பின் செங்கடல் வழியாகப் பருவக்காற்றைத் துணைக்கொண்டு இந்தியாவிற்கு வந்த கப்பல்கள் பெருகின. மிளகும் முத்தும் மென்துகிலும் மணிக்கற்களும் மேற்கே சென்றன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள செல்வத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என்று முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோம அறிஞர் குறைபட்டு எழுதியுள்ளார். எகிப்தில் கிடைத்து இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசுச் சுவடி ஒன்று, முசிறி வணிகத்திற்கான கடன் ஒப்பந்தத்தையும் ‘எர்மபொல்லோன்’ என்னும் கப்பலில் வந்த சரக்கையும் குறிப்பிடுகிறது. புலவர் பாடியதும் பிளினி புலம்பியதும் வணிகர் எழுதிவைத்ததும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன.

நான்காவது சான்று மண்ணுக்குள் இருந்தது. உடுமலைப்பேட்டைப் பகுதியிலுள்ள பூதிநத்தத்தில் 1946ஆம் ஆண்டு ஒரே புதையலாக 1398 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு தொடங்கிப் பலமுறை புதையல்கள் வெளிப்பட்டன. பழனிப் பகுதியிலுள்ள கலியம்புத்தூரில் 1856ஆம் ஆண்டில் 63 பொற்காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 பொற்காசுகள் கிடைத்தன. இத்தகைய செய்திகளைத் திரட்டி இராபர்ட் சூவெல் 1904ஆம் ஆண்டிலேயே ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்.

பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. செப்புக்காசுகளோ பெரும்பான்மையும் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. மதுரையில் வைகை மணலிலும் கரூரில் அமராவதி மணலிலும் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. வைகை கடலோடு சேரும் பகுதியிலுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழாய்வுகளிலும் இவ்வகைக் காசுகள் வெளிப்பட்டன. கரூர், மதுரைக் காசுகளை ஆராய்ந்து 1994ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் தனிநூல் வெளியிட்டவர் ‘தினமலர்’ ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். 2021ஆம் ஆண்டில் மறைந்த அவர் தொழிலால் இதழாளர். ஆர்வத்தால் நாணயத் தொகுப்பாளர். பொழுதுபோக்காகத் தொடங்குவதும் முறையாகச் செய்யப்பட்டால் வரலாற்றுக்குப் பயன்படும் என்பதற்கு அவர் பணியே சான்று.

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்திற்கும் இடைப்பட்ட நம் வன்னியம்பட்டிக்கும் இவ்வரலாற்றிற்கும் தொடர்பு என்ன என்று சிலர் வினவலாம். மதுரைப் பக்கமிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியே கொல்லம் செல்லும் சாலை நம் பகுதியைக் கடந்தே செல்கிறது. நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றின் கரையில், 2022ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சூதுபவளமும் கிடைத்தன. ஆகவே நம் மண்ணிலும் பழமை உறங்குகிறது. அதனைக் காணும் கண்ணும் காக்கும் கையும் நமக்கு வேண்டும்.

இனங்காணும் முறை

பழங்காசு ஒன்று கைக்கு வந்தவுடன் அதனைத் தேய்க்கத் தோன்றும் எண்ணத்தை அடக்கிக்கொண்டு, முதலில் அளந்து எழுதுதல் வேண்டும். உலோகம், எடை, விட்டம், தடிப்பு ஆகியவற்றைக் குறித்தல் முதற்படி. பொற்கொல்லர் பயன்படுத்தும் மின்னணுத் தராசும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இதற்குப் போதும். விளக்கைக் காசின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் தேய்ந்த மேடுகளின் நிழல் நீண்டு விழும். நேர் ஒளியில் புலப்படாத எழுத்து சாய்ந்த ஒளியில் புலப்படும். அந்நிலையிலேயே இருபுறமும் நிழற்படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று.

எடை பல செய்திகளைச் சொல்லும். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துத் தினேரியஸ் என்னும் வெள்ளிக்காசு ஒரு உரோம இராத்தலில் 84 வீதம் அடிக்கப்பட்டது. ஒன்றின் எடை ஏறத்தாழ 3.8 கிராம். நீரோ மன்னன் கி.பி. 64ஆம் ஆண்டளவில் அதனை 96ஆக மாற்றி எடையைக் குறைத்தான். வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். பொற்காசும் ஏறத்தாழ 7.8 கிராமிலிருந்து 7.3 கிராம் அளவிற்கு இறங்கியது. தமிழகத்து வெள்ளிப் புதையல்களில் நீரோவின் மாற்றத்திற்கு முந்திய காசுகளே மிகுதி. நம் முன்னோர் காசை வாங்கும்போது அதன் மதிப்பை அறிந்தே வாங்கினர் என்று இதனால் கருதலாம்.

அடுத்து உருவத்தைக் காணவேண்டும். இந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் வெள்ளிக்காசுகள் இரு வகையின. ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் அவருடைய பேரர்களும் வளர்ப்பு மைந்தருமாகிய கேயஸ், லூசியஸ் இருவரும் நிற்பர்; அவர்களுக்கிடையே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். மற்றொன்று திபேரியஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் ஒரு பெண் கையில் செங்கோலும் கிளையும் ஏந்தி இருக்கையில் அமர்ந்திருப்பாள். இவ்விரண்டையும் மனத்தில் பதித்துக்கொண்டால் தினேரியஸ் காசுகளில் பெரும்பகுதியை இனங்காணலாம்.

செப்புக்காசுகள் சற்றுக் கடினமானவை. பெரும்பாலானவை 17 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடையவை. எடை இரண்டு கிராமை ஒட்டியோ அதற்குக் குறைந்தோ இருக்கும். ஆற்று மணலில் உருண்டு தேய்ந்தவை வேறு. எனினும் சில அடையாளங்கள் எளிதில் அழிவதில்லை. தலையில் இலைமாலை சூடிய மன்னர் முற்காலத்தவர்; முத்துகள் கோத்த பட்டிகை அணிந்தவர் கான்ஸ்டன்டைனும் அவருக்குப் பிற்பட்டோரும் ஆவர். பிற்காலக் காசுகளில் பெயருக்கு முன் ‘டி’, ‘என்’ என்னும் இரண்டு இலத்தீன் எழுத்துகள் மிகுதியும் நிற்கும். ‘எம் தலைவர்’ என்பது அவற்றின் விரிவு. பெயருக்குப் பின் அகஸ்டஸ் என்னும் பட்டத்தின் சுருக்கம் வரும். இலத்தீனில் ‘யு’ எழுத்து ‘வி’ போல எழுதப்படும் என்பதை அறியாதவர் பெயரைப் படிக்க முடியாமல் இடர்ப்படுவர்.

பின்புற உருவமே காலத்தைக் காட்டும் கைகாட்டி. இரு படைவீரர் நிற்க அவர்களிடையே இரண்டு கொடிகள் இருந்தால் அக்காசு கி.பி. 330 முதல் 335 வரையிலானது. கொடி ஒன்றே இருந்தால் 335 முதல் 341 வரையிலானது. வீரன் ஒருவன் குதிரையிலிருந்து வீழும் பகைவனை ஈட்டியால் குத்தும் காட்சி கான்ஸ்டன்சியஸ் என்னும் இரண்டாம் மன்னருக்குரியது. அது 350ஆம் ஆண்டை ஒட்டி மிகுதியாக வெளிவந்தது. மாலை வளையத்திற்குள் எண்களோடு கூடிய வேண்டுதல் வாசகம் இருந்தால் அது ஆட்சியாண்டு நேர்ச்சையைக் குறிக்கும். சிறகுடைய வெற்றித்தேவதை கைதி ஒருவனை இழுத்துச் செல்லும் உருவம் 388ஆம் ஆண்டிற்குப் பின் வந்தது. முதலாம் தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஒனோரியஸ் ஆகியோர் காசுகளில் இதனைக் காணலாம். மூன்று மன்னர் வரிசையாக நிற்கும் சிறு காசு 406ஆம் ஆண்டை ஒட்டியது.

உருவத்திற்குக் கீழே ஒரு கோடும் அதனடியில் சில எழுத்துகளும் இருக்கும். அவை காசு அடித்த அக்கசாலையின் பெயர்ச் சுருக்கம். அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கான்ஸ்டாண்டினோபிள், நிக்கோமீடியா எனப் பல ஊர்கள் அவ்வாறு குறிக்கப்பட்டன. அவ்வெழுத்துகள் தெளிவாக இருந்தால், வைகை மணலில் கிடந்த காசு எவ்வூர்ப் பட்டறையில் பிறந்தது என்பதனையும் கூறிவிடலாம்.

குறையும் வரலாறே

காசில் காணும் ஒவ்வொரு வடுவும் குறையன்று. கறுக்காக்குறிச்சிப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் மீது உளியால் வெட்டிய தழும்பு உண்டு. அவை மீண்டும் காசாகச் செலாவணி ஆகாதவாறு வெட்டப்பட்டன என்பர் சிலர். உலோகத்தின் தரத்தைச் சோதிக்க வெட்டினர் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் அவ்வெட்டு தமிழ் மண்ணில் நிகழ்ந்த செயலின் எழுதாக் கல்வெட்டாகும். அதனை நிரப்பி அழகுபடுத்துவது வரலாற்றை அழிப்பதற்கு ஒப்பாகும். இந்தியாவில் கிடைத்த சில பொற்காசுகள் துளையிடப்பட்டுள்ளன. வளையம் பற்றவைக்கப்பட்டனவும் உண்டு. அவை அணிகலனாகக் கழுத்தில் தொங்கியவை. நம் இல்லப் பெண்டிர் போற்றும் காசுமாலையின் பழைய உறவினர் என்று அவற்றைச் சொல்லலாம். கரூரில் கிடைத்த மாக்கோதை என்னும் சேர மன்னனின் வெள்ளிக்காசில் உள்ள தலையுருவம் உரோமக் காசுகளின் சாயலைக் கொண்டது. வந்த காசைக் கண்ட நம்மவர் அதனைப் போல் தாமும் அடித்தனர்.

தினேரியஸ் முதல் தீனார் வரை

நம் சமுதாயத்தார் நாள்தோறும் அறிந்த சொல் ஒன்றும் இக்காசுகளோடு தொடர்புடையது. தினேரியஸ் என்னும் இலத்தீன் சொல் கிரேக்கத்தின் வழியே கீழ்த்திசை மொழிகளுக்குச் சென்று, அரபு மொழியில் ‘தீனார்’ ஆயிற்று. கிரேக்கரின் ‘திராக்மா’ பாரசீகத்தின் வழியே ‘திர்ஹம்’ ஆயிற்று. திருக்குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் தீனாரும் யூசுஃப் அத்தியாயத்தில் திர்ஹமும் குறிப்பிடப்படுகின்றன. தீனார் குறிப்பிடப்படும் இடம் அமானிதத்தைப் பற்றியது. ஒப்படைக்கப்பட்ட பொருளைத் திருப்பித் தருபவரையும் தராதவரையும் அவ்விடம் வேறுபடுத்திக் காட்டுகிறது.

இசுலாமிய ஆட்சியின் தொடக்கத்தில் பைசாந்தியப் பொற்காசுகளே சிரியாவில் புழங்கின. பின்னர் அவற்றைப் போன்றே காசுகள் அடிக்கப்பட்டபோது, படிகளின் மேல் நின்ற சிலுவையின் குறுக்குக்கோல் நீக்கப்பட்டு வெறும் தூண் மட்டும் நின்றது. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 696-97இல், உருவங்கள் அனைத்தையும் விலக்கி எழுத்து மட்டுமே பொறித்த தீனாரை வெளியிட்டார். அதன் எடை ஏறத்தாழ 4.25 கிராம். மன்னர் முகம் இருந்த இடத்தில் இறைவனின் ஒருமையைக் கூறும் வாசகம் அமர்ந்தது. காசில் எழுத்தே உயிர் என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது. அந்த எழுத்தைத்தான் நாம் புளியிட்டுத் தேய்த்து அழித்தோம்.

தூய்மை செய்யும் முறை

செம்பு மண்ணில் கிடக்கும்போது அதன் மேற்பரப்பு காற்றோடும் நீரோடும் கலந்து மாறுகிறது. உலோகத்தை ஒட்டிச் செந்நிற ஆக்சைடு படியும். அதன்மேல் பச்சைநிறக் களிம்பு படியும். நூற்றாண்டுகள் பல கடந்த காசில் உருவமும் எழுத்தும் பெரும்பாலும் இக்களிம்புப் படலத்திலேயே தங்கியிருக்கும். உள்ளேயுள்ள உலோகத்தில் அவை இருப்பதில்லை. புளி, எலுமிச்சை, காடி முதலியவற்றின் அமிலம் அப்படலத்தைக் கரைத்துவிடும். அழுக்கு நீங்கியதாக நாம் மகிழும்போது காசின் முகமே நீங்கியிருக்கும். வீட்டுக் குடத்திற்கு ஏற்ற முறை பழங்காசுக்கு ஏலாது என்பதன் காரணம் இதுவே.

பொற்காசு களிம்பேறாது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, மென்துணியில் ஒற்றி எடுத்தால் போதும், தேய்த்தல் கூடாது. வெள்ளிக்காசின் கருமை பெரும்பாலும் கெடுதியற்றது. அதுவே அதன் பழமைக்குச் சான்றாகவும் அமையும். நகைக்கடையில் வெள்ளிக் கொலுசுக்கு இடும் மெருகுநீரில் அதனைத் தோய்த்தல் தவறு.

செப்புக்காசுக்கு உரிய முதல் மருந்து நீர். இரண்டாவது மருந்து பொறுமை. குழாய் நீரில் உப்பும் குளோரினும் இருத்தலால் அது ஆகாது. கடைகளில் பேட்டரிக்கென விற்கும் காய்ச்சி வடித்த நீர் ஏற்றது. ஆயின் அமிலம் கலந்த புட்டியை மாற்றி வாங்கிவிடலாகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் காசை நனையவிட்டுச் சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றவேண்டும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மண் இளகிய பின் மென்மையான பல் துலக்கும் பிரஷால் வருடுதல் வேண்டும். எஞ்சிய மண்ணை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் கூர்மையாக்கிய மூங்கில் குச்சியால் மெல்ல மெல்ல நீக்கலாம். ஊசியும் கம்பித் தூரிகையும் காசைக் கீறிவிடும். மண் எங்கே முடிகிறது, களிம்பு எங்கே தொடங்குகிறது என்பதில் ஐயம் எழுமாயின் அங்கேயே கையை நிறுத்திவிடுதல் அறிவுடைமை.

நம் இல்லங்களில் ஜைத்தூன் எண்ணெய் எனப்படும் ஆலிவ் எண்ணெயில் காசை மாதக்கணக்கில் ஊறவைக்கும் வழக்கம் தொகுப்பாளரிடையே நெடுநாளாக உள்ளது. எண்ணெய் இறுகிய மண்ணை இளக்கும் என்பது உண்மையே. ஆயினும் அதிலுள்ள கொழுப்பு அமிலம் களிம்பையும் சிறிது சிறிதாகத் தாக்கும். எண்ணெய்ப் பசை காசின் நுண்துளைகளில் தங்கியும் விடும். அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர் இம்முறையை விரும்புவதில்லை. மின்பகுப்பு முறையும் அத்தகையதே. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் அறிஞர் சு. பரமசிவன் பழஞ்செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு வழியே சீர்செய்தார். அளவறிந்த வல்லுநர் கையில் மருந்தாகும் அம்முறை, அறியாதார் கையில் சில மணிப்பொழுதில் காசை வெறும் செப்புத்தகடாக்கிவிடும்.

களிம்பும் நோயும்

களிம்பெல்லாம் ஒன்றன்று. கெட்டியாக, வழுவழுப்பாக, கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது காசைக் காக்கும் போர்வை. வெளிறிய பச்சைநிறத்தில் பொடிப்பொடியாக, விரல்பட்டால் உதிர்வதாக இருப்பது நோய். இதனை ‘வெண்கல நோய்’ என்பர். மண்ணிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ சேர்ந்த குளோரைடு உப்பு செம்போடு கூடி உள்ளே ஒளிந்திருக்கும். ஈரமும் காற்றும் பட்டவுடன் அது அமிலத்தை உண்டாக்கும். அமிலம் மேலும் செம்பைத் தின்னும். அதனால் மேலும் உப்பு பிறக்கும். இச்சுழற்சியைத் தடுக்காவிடில் காசில் குழிகள் விழுந்து, இறுதியில் அது பொடியாகிவிடும்.

நோயுற்ற காசை உடனே தனித்து வைத்தல் வேண்டும். பொடியை மூங்கில் குச்சியால் நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் நெடுநாள் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றினால் உப்பு ஓரளவு வெளியேறும். சோடியம் செஸ்கிகார்பனேட்டுக் கரைசல், பென்சோடிரையசோல் முதலியன ஆய்வுக்கூட மருந்துகள். பின்னது நச்சுத்தன்மை உடையதாதலால் வீட்டில் கையாளத் தக்கதன்று. வேதியியல் துறைப் பேராசிரியரின் துணையை நாடுதல் நலம்.

நோய் வருமுன் காப்பதே சிறந்தது. காசை நன்கு உலர்த்திய பின்னரே உறையிலிடவேண்டும். உறை அமிலமற்ற தாளால் ஆனதாக இருத்தல் நன்று. பி.வி.சி. என்னும் நெகிழி உறைகள் நாளடைவில் கசிந்து காசின் மேல் பிசுபிசுப்பான பச்சைப் படலத்தை உண்டாக்கும். உறைகளை இறுக மூடிய பெட்டியிலிட்டு, மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உடன் வைத்தால் ஈரம் தணியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடித்தல் வேண்டும். விரலின் வியர்வையிலும் உப்பு உண்டு.

போலியும் மெய்யும்

பழங்காசுக்கு விலை உண்டு என்றவுடன் போலியும் பிறந்துவிட்டது. உரோமக் காசுகள் இரு அச்சுகளுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பட்டவை. வார்க்கப்பட்டவை மிகச் சில. எனவே விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடு தெரிந்தாலும், மேற்பரப்பில் காற்றுக்குமிழிகளின் நுண்குழிகள் தெரிந்தாலும், எழுத்துகள் சோப்புக்கட்டியில் எழுதியவை போல் மழுங்கி வழிந்தாலும் ஐயுறவேண்டும். எடை பெரிதும் மாறுபட்டாலும் ஐயுறவேண்டும். இரண்டு காசுகள் தேய்மானம் உள்பட எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருப்பின், அவை ஒரே வார்ப்பில் பிறந்தவை என்று கருதலாம். ஆனால் பண்டைக் காலத்திலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் உரோமக் காசைப் பார்த்து அடித்த போன்மைக் காசுகள் உண்டு. எழுத்துகள் பொருளற்ற கோடுகளாக இருக்கும் அவை இக்காலப் போலிகள் அல்ல. அவையும் வரலாற்றுச் சான்றுகளே.

சட்டமும் அறமும்

மண்ணிலிருந்து கிடைக்கும் பொருள் கண்டெடுத்தவரின் தனிச்சொத்தாகிவிடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்பவர் அதனை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவித்தல் வேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் உரோமக் காசுகளில் பல இச்சட்டத்தின் வழியே வந்து சேர்ந்தவை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காசைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அவற்றை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்லுதல் குற்றம். தொல்லியல் மேடுகளைத் தோண்டுதல் எவ்வகையிலும் தகாது.

சட்டத்தைக் கடந்து அறம் ஒன்று உண்டு. காசைவிட அது கிடந்த இடம் முதன்மையானது. எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டுடன் கிடந்தது என்பது தெரிந்தால் ஒரு தேய்ந்த செப்புக்காசு ஒரு வாழ்விடத்தின் காலத்தையே நிறுவிவிடும். இடம் தெரியாவிடில் பொற்காசும் அழகிய பொருளாக மட்டுமே நிற்கும். ஆகவே தொகுப்பாளர் ஒவ்வொரு காசுக்கும் உறையின் மேல் அது வந்த வழி, நாள், எடை, விட்டம், செய்த தூய்மை ஆகியவற்றை எழுதிவைத்தல் கடமை. பழங்காசு நமக்குக் கிடைத்த உடைமையன்று. நமக்குப் பின் வருவோர்க்குச் சேர்ப்பிக்க நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாணயத்தின் இரண்டாம் பொருள் இங்கேதான் முதற்பொருளோடு கூடுகிறது.

நிறைவுரை

பாட்டனாரின் மூன்று காசுகளும் இன்று மூன்று உறைகளில் உள்ளன. இரண்டாவது காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஐந்து மாதம் ஊறவைத்தோம். மண் நீங்கியபோது முத்துப்பட்டிகை அணிந்த தலை ஒன்றும், பின்புறத்தில் இரு வீரரும் அவரிடையே ஒற்றைக் கொடியும் வெளிப்பட்டன. ஆகவே அது கி.பி. 335 முதல் 341 வரையிலான காலத்தது. பெயரில் ‘கான்ஸ்டன்’ என்னும் தொடக்கம் மட்டுமே எஞ்சியிருந்தது. கான்ஸ்டன்டைன், கான்ஸ்டன்சியஸ், கான்ஸ்டன்ஸ் என்னும் தந்தை மக்கள் பெயரெல்லாம் அவ்வாறே தொடங்குவதால் மன்னர் இன்னார் என்று துணியவில்லை. துணிய இயலாததைத் துணியாமல் விடுவதும் நாணயமே.

அதனைப் பாட்டனாரிடம் காட்டினோம். கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். பின் மூன்றாவது காசைச் சுட்டி, “இதை அப்படியே இருக்க விடுங்கள். என் பேரனின் பிள்ளை காலத்தில் இதைவிட நல்ல வழி தெரியலாம்” என்றார். நாணயவியல் நூல் எதனையும் படித்திராத அவ்வணிகர் கூறியதைவிடச் சிறந்த பாதுகாப்பு நெறியை நாம் எந்நூலிலும் கண்டிலோம். மூன்றாவது காசை அவ்வாறே தொடாமல் உறையிலிட்டோம்.

முதற்காசின் உறையின் மேல் எடையும் விட்டமும் எழுதிய பின், “எழுத்து இருந்தது, புளியால் அழிந்தது, அழித்தவர் நாம்” என்று எழுதிவைத்துள்ளோம். மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் அவ்வுறையையே முதலில் எடுத்துக் காட்டுகிறோம்.